நீலக்கோட்டு விரிப்பு

— கதவத் திற, உம்மு நபீல்! மறுபடியும் என் துணிய நனைச்சுட்டியே! பாரு, பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வரும்.

— வா தவ்ஹீதா. மூச்சு வாங்குது பாரு. ஒரு மாடிதானே ஏறின?

— என் முட்டிக்கு அதுவே பத்து மாடி. கேளு, மேல ஈரத்துணி போடுமுன்ன "கீழ எடுங்கடீ"ன்னு ஒரு சத்தம் குடுக்கணும். கெய்ரோவுல எந்த மாடிக்காரியக் கேட்டாலும் சொல்லுவா. உனக்கு மட்டும் தெரியாதா?

— மறந்துட்டேன்.

— மறந்தாளாம்! ஒரு காலத்துல உன் தொண்டைக்கு ஒவ்வொரு மாடியிலயும் ஜன்னல் திறக்குமேடீ.

— அப்பத் திறக்க ஆளு இருந்தாங்க. இந்த நடுமுத்தம் பூரா கயிறு. வெளிக்கயித்துல விரிப்பு, யார் கண்ணுலயும் படாம உள்கயித்துல உள்பாவாடை. குட்டிச் சட்டை தொங்கினா எந்த வீட்டுல பிள்ள பொறந்திருக்குன்னு தெரியும். இப்ப ஏசிப் பொட்டிதான் தொங்குது. மிச்சம் ரெண்டே கயிறு. உன்னோடது, என்னோடது.

— பேச்ச மாத்தாத. ஒத்த ஆளு நீ, ஒத்தக் கட்டில். ஒருநாள் விட்டு ஒருநாள் அதே நீலக்கோட்டு விரிப்புதான் சொட்டுது. என்ன, கட்டில்ல ஒட்டகம் படுக்குதா?

— உக்காரு. டீ போடறேன்.

— டீ வேணாம். பதில் சொல்லு.

— அது அழுக்கே இல்லடீ. வாளியில முக்கி எடுத்துப் போடறேன்.

— எதுக்கு?

— நனைஞ்சாத்தானே நீ சண்டைக்கு வர்ற. சும்மா கூப்பிட்டா முட்டி வலிங்கற. கன்னி மரியா மேல சத்தியமா, நேத்து பூரா என்கிட்ட பேசினது ரொட்டிக்காரன் ஒருத்தன்தான். அவனும் "இந்தாம்மா"ன்னதோட சரி.

— அடிப்பாவி! ... சரி, டீயப் போடு. புதினா நிறைய. அது என்ன, மூலையில பெட்டி?

— என் மகன் நபீல் வெள்ளிக்கிழமை வர்றான். அவன் வீட்டோட கூட்டிட்டுப் போறானாம். புது நகரம், புதுக் கட்டடம். அங்க பால்கனியில துணி தொங்கவிட்டா அபராதமாம்.

— நீ சரின்னுட்டியா?

— இன்னும் சொல்லல. ஆனா இங்க இருந்து யாருக்கு என்ன? உனக்கும் நிம்மதி. இனிமே உன் துணி நனையாது.

— என் துணியா? என் மக போன தடவை குவைத்துலேர்ந்து வந்தப்பவே மெஷின் வாங்கி வச்சுட்டுப் போயிட்டாடீ. அதுல துணி காஞ்சேதான் வெளிய வரும். உன் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டதும், காஞ்ச விரிப்ப எடுத்துக்கிட்டு நொண்டி நொண்டிப் போய் உன் கயித்துக்கு நேர் கீழ போட்டுட்டு நிக்கிறேன்.