ஒம்பதாவது வண்டியும் பொய் சொல்லுது

பொய்! இதுவும் பொய் சார்! வண்டி புக்குல அறுநூத்தி எம்பது கிலோன்னு போட்டிருக்கு, உங்க எடை மேடை எழுநூத்தி எம்பது காட்டுது. ஒரு கிலோ ரெண்டு கிலோன்னா தூசின்னு விட்டுடலாம். நூறு கிலோ தூசி எங்க சார் இருக்கு?

நீங்க இந்த வேலைக்குப் புதுசு போல. உங்களுக்கு முன்னாடி இந்த ஜன்னல்ல ஒருத்தர் இருந்தார், வாயே தொறக்க மாட்டார். பேப்பர் படிச்சுக்கிட்டே சீட்டக் கிழிச்சுக் குடுப்பார். தங்கமான மனுஷன். இது எனக்கு ஒம்பதாவது வண்டி. ஒம்பதையும் இங்கதான் ஏத்தினேன்.

எதுக்கா? கரண்ட் வண்டியா மாத்தத்தான்! எஞ்சினக் கழட்டிட்டு மோட்டார வெச்சு, பேட்டரிய அடுக்கணும். அந்தப் பேட்டரியே இருநூறு கிலோவுக்கு மேல. அதான் மெக்கானிக் மொதல்லயே சொல்லிட்டார், 'அண்ணே, பழைய வண்டியா, லேசான வண்டியாப் பாருங்க, எழுநூறத் தாண்டினா எங்கிட்ட வராதீங்க'ன்னு. ஏசி வேணாம், பவர் ஸ்டீயரிங் வேணாம், கதவச் சாத்தினா தகர டப்பா மாதிரி சத்தம் வந்தாப் போதும். நான் என்ன ராக்கெட்டா கேட்டேன்?

ஒரு செவப்பு வண்டிக்காரன் வந்தான். அவனும் நூறு கிலோ கூட! பின்சீட்டக் கழட்டினேன், ஸ்டெப்னியத் தூக்கி எறிஞ்சேன், முன்னாடி தொங்கின பொம்மையக்கூடப் பிச்சுட்டேன். அவன் அழுதுட்டான் சார், அவன் பொண்ணு கட்டின பொம்மையாம். அழுதா எடை குறையுமா? அப்பவும் அறுபது கூட.

அதெல்லாம் போகட்டும். என் மாமனார் பண்ணினாரே, அதத்தான் தாங்க முடியல. தன்னோட பழைய வண்டியச் சும்மாவே குடுத்தார். 'அறுநூத்திப் பத்து கிலோதான் மாப்ளே, எடுத்துக்குங்க'ன்னார். நான் விடுவேனா? சாட்சி வேணும்ல? அவரு, மாமியாரு, என் வீட்டுக்காரி, எல்லாரையும் ஏத்திக்கிட்டு நேரா இங்க வந்தேன். தொள்ளாயிரம்! 'மாமா, இந்த வயசுல பொய் சொல்லலாமா?'ன்னு வண்டிக்குள்ளயே வெச்சுக் கேட்டுட்டேன்.

அன்னிக்கு அப்பா வீட்டுக்குப் போனவதான் என் வீட்டுக்காரி. அஞ்சு மாசமாச்சு. 'எங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேளுங்க, வர்றேன்'ங்கிறா. தப்பு அவங்க பேருல, மன்னிப்பு நான் கேக்கணுமாம்! ஆனா மனசு கெடந்து அடிச்சுக்குது சார். வீட்டுல பேச ஒரு ஆளில்ல, அதான் பாக்கறவங்ககிட்ட எல்லாம் பேசிக்கிட்டுத் திரியறேன்...

என்ன, கையக் காட்டறீங்க? எறங்கணுமா? யாரு, நானா? வண்டியத்தானே சார் எடை போடறீங்க, நான் எதுக்கு? சரி சரி, கோவப்படாதீங்க. முட்டி வேற வலிக்குது... ம்... எறங்கியாச்சு.

அட. அறுநூத்தி எம்பது!

இருங்க, ஏறிப் பாக்கறேன். எழுநூத்தி எம்பது. எறங்கினா... ஐயையோ.

அப்போ அன்னிக்கு நாங்க நாலு பேரு உள்ள... கூட இருந்த இருநூத்தித் தொண்ணூறும் நாங்களா?

சார், ஒரு உதவி. என் வீட்டுக்காரிக்குப் போன் போடறேன், நீங்க பேசுங்க. நான் எறங்கலன்னு சொல்லிடாதீங்க, அன்னிக்கு மேடை ரிப்பேர்னு மட்டும் சொன்னாப் போதும். ஏன் சார் ஜன்னலச் சாத்தறீங்க? ரிங் போகுது சார்! சார்!

அலோ... மாமாவா? நீங்களா எடுத்தீங்க? நல்லா இருக்கீங்களா மாமா? இல்ல... ஒண்ணுமில்ல... வந்து... நீங்களும் அத்தையும் எவ்வளவு கிலோ இருப்பீங்க?