வண்டிக்கு நான்கு தலை

பனிச்சறுக்குக்குப் போவதில் சறுக்குவது பெரிய காரியமே இல்லை. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் காரியம். முடிந்தால் இதையே உங்கள் கட்டுரையின் முதல் வரியாகப் போட்டுவிடுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் மலைப்பயணத்தை எப்படித் திட்டமிட வேண்டும் என்று ரிசார்ட்டின் சார்பில் எழுதப்போவதாகச் சொன்னீர்கள். சால்ட் லேக் சிட்டியில் இதைக் கேட்க வேண்டிய ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். அதே நான்கு பேர் இத்தனை வருஷமாகப் பிரியாமல் ஒரே வண்டியில் வருவது எப்படி என்றும் கேட்டீர்கள். இவ்வளவு அக்கறையாக இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, என் மனைவி உட்பட. அதனால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். அந்த ரெக்கார்டரை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என் குரல் சன்னமானது.

நான் ரூலன். ஊருக்குள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வார நாட்களில் கடை, ஞாயிற்றுக்கிழமை ஆலயம். எங்களைப் போன்ற ஆட்களுக்கு மலைக்கு என்று மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமையில் ஊரே அந்த ஒற்றைப் பாதையில் வந்து நிற்கும். மேல் நிறுத்தத்தில் இடம் கிடைத்தால் வண்டியைவிட்டு இறங்கியதும் உச்சிக்குத் தூக்கிப்போகும் லிஃப்டில் ஏறிவிடலாம். கீழ் நிறுத்தம் என்றால், கல்லைக் கட்டியதுபோல் கனக்கும் பூட்ஸோடு சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்து மேடேற வேண்டும். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் புதுப் பனியை மற்றவர்கள் உழுது முடித்திருப்பார்கள். உழுத பனியில் சறுக்குவதும் எச்சில் தட்டில் சாப்பிடுவதும் எனக்கு ஒன்றுதான்.

பிறகு உங்கள் ரிசார்ட்டே அந்த விதியைக் கொண்டுவந்தது. வண்டியில் நான்கு பேர் இருந்தால்தான் மேல் நிறுத்தம். நல்ல விதி. நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஜோலீன் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துத் தலைகளை எண்ணுவாள். நான்கு இருந்தால் மேலே கை காட்டுவாள், குறைந்தால் கீழே. தெரிந்தவர், தெரியாதவர் என்றெல்லாம் அவளிடம் கிடையாது.

எங்கள் வண்டியில் நான், லமார், ஹீபர், டாலின். லமார் ஓய்வு பெற்ற தபால்காரர், ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். ஹீபர் கணக்கு வாத்தியார், வாய் ஓயாது. டாலின்தான் எங்களில் இளையவன், வீடு வீடாகப் போய் ஹீட்டர் ரிப்பேர் செய்கிறவன். முப்பத்துநான்கு வயதாகியும் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஊரில் அந்த வயதில் மற்றவனுக்கு மூத்த பிள்ளை ஏழாம் வகுப்புப் படிக்கும். ஆலயத்தில் அவனைப் பார்த்தாலே பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு மட்டும் அவனைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கும்.

போன சீசனில் ஒரு சனிக்கிழமை, மலையேறும்போது அவன் பின்சீட்டிலிருந்து சொன்னான்.

“அண்ணே, எனக்குக் கல்யாணம் முடிவாயிருச்சு.”

“யார்றா அந்தப் புண்ணியவதி?” என்றார் ஹீபர். “கண்ணு நல்லாத் தெரியுதாமா? எதுக்கும் ரூலன் கடைக்குக் கூட்டிட்டு வந்து ஒரு தடவ செக் பண்ணிரு.”

“சும்மா இருங்க சார். ப்ரின்லி. கம்பளக்கடை நீல்சனோட பொண்ணு. அவளே வந்து கேட்டா அண்ணே. அவங்க வீட்டு ஹீட்டர சரி பண்ணிட்டிருந்தேன். பக்கத்துல வந்து நின்னு, ‘உங்களுக்கு யாரும் இல்லையா’ன்னா. வாயில வெச்சிருந்த ஸ்குரூவ விழுங்கிட்டேன்னு நெனச்சேன்.”

லமார் விழித்துக் கைகுலுக்கிவிட்டு மறுபடி தூங்கினார். டாலின் தொடர்ந்தான்.

“ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்கப்புறம் சனிக்கிழம மாமனார் கடையில நிக்கணும். அன்னிக்குத்தான் அவங்களுக்கு வியாபாரமே. இந்த சீசனோட நம்ம சவாரி முடிஞ்சுது அண்ணே. அதுதான் வருத்தம்.”

வருத்தம் என்றானே தவிர வாயெல்லாம் பல். நான் வாழ்த்துச் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். வைப்பரைக் கொஞ்சம் வேகமாக வைத்தேன். ஜோலீன் நான்கு தலைகளை எண்ணி மேலே கை காட்டினாள். அடுத்த சீசனில் அவள் மூன்று தலையைத்தான் எண்ணுவாள் என்று அப்போதே கணக்குப் போட்டேன்.

அதன் பிறகு வீட்டுப் பேச்சுத்தான். மலை ஏறும்போதும் வீடு, இறங்கும்போதும் வீடு. “ரெண்டு சமையலறை இருக்கிற வீடா தேடிட்டிருக்கேன் அண்ணே. கீழ்த்தளத்த காலேஜ் பசங்களுக்கு வாடகைக்கு விட்டா பாதிக் கடன் அதுலயே அடஞ்சிரும். அவளும் கடையில கஷ்டப்பட வேண்டாம்.” சமையலறை ஓடு மஞ்சளாக இருக்கட்டுமா வெள்ளையாக இருக்கட்டுமா என்று என்னிடம் கேட்டான். வெள்ளை என்று சொன்னேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

நான் எடுத்த எடுப்பில் அடுத்தவர் வாழ்க்கையில் கை வைக்கிறவன் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவன் பெண் வீட்டுக்கு விருந்துக்குப் போன சனிக்கிழமைகளில் மாற்று ஏற்பாடுகளை எல்லாம் செய்து பார்த்தேன். மலையடிவாரத்தில் ஓசிச் சவாரிக்குக் கட்டைவிரலைக் காட்டி நிற்கிறவர்களில் ஒருவனை ஏற்றினோம். லமாரின் ரொட்டியைத் தின்றுவிட்டு, தன் ஈர நாயை வழியெல்லாம் ஹீபர் மடியில் உட்காரவைத்துவிட்டு, மேலே போனதும் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான். அடுத்த வாரம் என் மனைவி துணி தைக்க வைத்திருந்த பொம்மைக்கு ஹெல்மெட்டும் கண்ணாடியும் மப்ளரும் போட்டு டாலின் இடத்தில் உட்காரவைத்தேன். ஜோலீன் டார்ச்சை அதன் முகத்தில் அடித்து, “குட் மார்னிங்” என்றாள்.

“அசந்து தூங்குறாரு” என்றார் ஹீபர்.

அவள் கதவைத் திறந்தாள். தலை கழன்று ஹீபர் மடியில் விழுந்தது.

“அடுத்த வாட்டி தலைய ஒட்டிட்டு வாங்க சார். கீழ போங்க.”

அன்று கீழ் நிறுத்தத்திலிருந்து ஏறினோம். நாங்கள் போனபோது மலை முழுவதும் கோடு கோடாக இருந்தது. என் தகப்பனார் இறந்தபோதுகூட நான் சாப்பிட்டேன். அன்று சாப்பிடவில்லை.

பஸ் இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது. லிஃப்ட் வாசலிலேயே நிற்கும், அதுவும் இலவசமாக. எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டும், அம்மா.

அந்த வாரம் ஆலயத்துக் கூடத்தில் பொதுச் சாப்பாடு. நீல்சனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தட்டில் சீஸ் போட்ட உருளைக்கிழங்கோடு உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

“பிரதர், டாலின் எப்படி? நீங்கதான் வாராவாரம் ஒரே வண்டியில போறீங்க.”

“தங்கமான பையன் பிரதர். இப்ப வீடு தேடி அலையிறான். ரெண்டு சமையலறை இருந்தாத்தான் வேணும்கிறான்.”

“ரெண்டா? எதுக்கு ரெண்டு?”

“அத நான் கேக்கல பிரதர். அதெல்லாம் கேக்கிற விஷயமா?”

நீங்கள் ஒஹையோவிலிருந்து வந்தவர், உங்களுக்கு இது சாதாரணமாகப் படும். எங்கள் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒருவருக்கு இரண்டு மூன்று மனைவிமார், ஆளுக்கொரு சமையலறை. அது ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அங்கொருவரும் இங்கொருவரும் இன்னும் ரகசியமாக நடத்துவதாகப் பேச்சு வரும்போது பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையைத் துருவ ஆரம்பித்துவிடுவார்கள். நீல்சனின் கொள்ளுத்தாத்தாவுக்கு மூன்று மனைவிகள். அந்த மூன்று வழியினரும் இன்றைக்கும் குடும்பக் கூட்டத்தில் தனித்தனி மேசையில்தான் சாப்பிடுகிறார்கள்.

நீல்சனின் கரண்டி பாதி வழியில் நின்றது. “வேற ஏதாவது பொண்ணு… உங்களுக்குத் தெரிஞ்சு…?” என்றார். நான் ஒரு பெருமூச்சு மட்டும் விட்டேன். உருளைக்கிழங்கு சூடாக இருந்தது. இதுவரை நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு நாள் கழித்து ப்ரின்லியே என் வீட்டுக்கு வந்தாள். நான் கராஜில் பலகைகளுக்குச் சூடாக மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெண். அழுது முகம் வீங்கியிருந்தும் முதலில் என் மனைவியின் மூட்டுவலியை விசாரித்தாள்.

“பிரதர், அப்பா கல்யாணத்த நிறுத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. நான் டாலின்கிட்டயே கேட்டேன். கீழ்த்தளத்த வாடகைக்கு விடத்தான் ரெண்டாவது சமையலறைன்னு சொல்றாரு. மாட்டிக்கிட்டதும் கட்டின கதைங்கிறாரு அப்பா.”

“நான் என்னம்மா செய்யணும்?”

“முன்னாடியே உங்ககிட்ட வாடகையப் பத்திப் பேசியிருக்காரா? அது மட்டும் சொல்லுங்க. பேசியிருக்கார்னு ஒரு வார்த்த சொன்னா போதும், யார் என்ன சொன்னாலும் நான் அவர் கூடப் போயிருவேன். எனக்கு அவரு வேணும் பிரதர்.”

அந்த நேரத்தில் மேசைமேல் இருந்த என் போனில் வானிலைச் செய்தி ஒளிர்ந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் பனி, சனிக்கிழமை காலை வானம் தெளிவு. இப்படி ஒரு சேர்க்கை சீசனில் ஒரு தடவை அமைந்தால் அதிகம். ப்ரின்லி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா. வாடகைன்னு எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல.”

அது பொய். திட்டத்துக்காக நான் சொன்ன ஒரே பொய், ஒப்புக்கொள்கிறேன். அவள் தலையாட்டினாள். தாங்க்ஸ் சொன்னாள். கராஜ் கதவை இறக்கிவிட்டே போனாள், குளிர் உள்ளே வரக்கூடாதென்று. ஒரு பலகையில் மெழுகு ஆறிக் கட்டியாகிவிட்டது, அதை மறுபடி சூடாக்கித் தேய்க்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை டாலின் வருவானா என்று எனக்குச் சந்தேகம்தான். வந்து நின்றான். தாடியெல்லாம் வளர்ந்து கிடந்தது. “நான் வேற எங்க போறது அண்ணே” என்று ஏறி உட்கார்ந்தான். ஜோலீன் எண்ணினாள், மேலே கை காட்டினாள். அன்றைய பனியைப் பற்றி நான் தனியாகவே ஒரு மணி நேரம் பேசுவேன். முழங்கால் வரை, மாவு மாதிரி, ஒரு கோடு விழாத வெள்ளை.

நான் அவனை அப்படியே விட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். மதியம் என் செலவில் சூடான சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நான் பொய் சொல்றவனா அண்ணே? நீங்க சொல்லுங்க. உங்ககிட்டத்தான எல்லாத்தையும் சொன்னேன்” என்றான். நீ பொய் சொல்கிறவனே இல்லை என்று தோளைத் தட்டிக் கொடுத்தேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. அப்போது அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா” என்றான். எனக்கே கண் கலங்கிவிட்டது. ஒரு குழு பிரியாமல் இருப்பதற்கு இந்த மாதிரி நெருக்கம் ரொம்ப முக்கியம்.

நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

என்ன, மூன்றா? இந்த சீசனிலிருந்தா? மூன்று பேர் இருந்தாலே மேல் நிறுத்தத்துக்கு விடுவார்களா? எழுத்திலேயே வந்துவிட்டதா?

கொஞ்சம் இருங்கள். தண்ணீர் வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறேன்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, நேரே ப்ரின்லியிடம் போய் உண்மையைச் சொல் என்கிறீர்கள். சொல்லலாம். அவள் இன்னும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் கம்பளக்கடையில் அவளேதான் நிற்கிறாளாம். ஹீட்டர் ரிப்பேர் வண்டி தெருவில் போனால் வாசலுக்கு வந்து பார்க்கிறாள் என்று என் மனைவிகூடச் சொன்னாள். ஆனால் அடங்கிப்போன விஷயத்தை மறுபடி கிளறி, இரண்டு குடும்பத்துக்கும் மனக்கஷ்டம் கொடுப்பது என் சுபாவம் இல்லை.

நான் யோசித்தது வேறு. மூன்று பேர் போதும் என்றால், டாலின் இனிமேல் வர வேண்டிய அவசியமில்லை. மலை இறங்கும்போது சத்தமில்லாமல் அழுகிறான். அதில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து பாதையே தெரிவதில்லை. அந்த வளைவுகளில் அது மற்ற மூன்று உயிர்களுக்கும் ஆபத்து. வரும் வாரம் நானே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுகிறேன், என் பேச்சை அவன் தட்ட மாட்டான். அவன் சீட்டை மடக்கிப்போட்டால் பலகைகளைக் கூரையில் கட்டாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.