பச்சை லைட்டு மூணு வாட்டி

சந்தியாகு: மூணு வாட்டி மின்னுதா, நாலு வாட்டியா? சரியா சொல்லுங்கம்மா.

மார்த்தா: ஏர்கோன் மெசின்ல பச்ச லைட்டு மின்னுதுண்ணே. எண்ணியெல்லாம் பாக்கல. அதான் சிரம்பான்ல கடைய விட்டுட்டு பாரோய் வரைக்கும் வந்துட்டீங்களே, நீங்களே பாருங்க.

சந்தியாகு: மூணுன்னா ஒரு கோளாறு, நாலுன்னா வேற கோளாறு. இந்தப் புது மாடலுக்கெல்லாம் லைட்டுதான் வாயி. எந்த ரூம்பு?

மார்த்தா: இதோ, இதுதான்.

சந்தியாகு: கதவு சாத்தியிருக்கு…

மார்த்தா: பூட்டல. தள்ளுங்க.

சந்தியாகு: உள்ள யாரும்…

கேப்ரியல்: மூணு, அங்கிள். மூணு வாட்டி மின்னும், கொஞ்சம் நிக்கும், மறுபடி மூணு. காலையிலேருந்து எனக்கு அதான் டிவி.

சந்தியாகு: அட… ஆளு இருக்கு. படுத்துக்க தம்பி, எழுந்திருக்க வேணாம்.

கேப்ரியல்: எழுந்திருக்கற ஐடியா இல்ல அங்கிள்.

மார்த்தா: என் மூத்த மகன். கேப்ரியல்.

சந்தியாகு: மகனா? ஜொகூர்லன்னு…

மார்த்தா: என்னண்ணே?

சந்தியாகு: இல்ல… ஜொகூர்ல இதே மாதிரி ஒரு செட்டு பாத்தேன். அதச் சொன்னேன்.

கேப்ரியல்: அதுவும் மூணு வாட்டியா அங்கிள்?

சந்தியாகு: அது… அது வேற. ஏணிய இப்படி வச்சுக்கவா? கட்டில்ல இடிக்காதே?

கேப்ரியல்: இடிச்சாலும் எனக்குத் தெரியாது. நெஞ்சுக்குக் கீழ ஒன்னும் தெரியாது.

சந்தியாகு: ம்ம்…

மார்த்தா: செம்பனை லாரிங்கண்ணே. எண்ணெய் எடுக்கற பழக் குலை ஏத்திட்டு மேல உக்காந்து வந்தான். பள்ளத்துல லாரி குலுங்கி, கீழ விழுந்துட்டான். முதுகெலும்பு.

சந்தியாகு: எப்ப?

மார்த்தா: எஸ்டேட்ல இருந்தப்ப. அதுக்கப்புறந்தான் டவுனுக்கு வந்தோம், ஆஸ்பத்திரி கிட்டன்னு.

சந்தியாகு: சரி… சரி. ஃபில்டர் எப்ப கழுவுனீங்க?

மார்த்தா: சனிக்கிழம சனிக்கிழம அகதா கழுவுவா. என் மக.

சந்தியாகு: ஓ, மக கழுவுவாளா… பழைய பல்லு தேய்க்கிற பிரஸ்ஸு போட்டா?

மார்த்தா: ஆமா.

சந்தியாகு: பொறுமையான பொண்ணுதான் போல. கோவமெல்லாம் வருமா?

கேப்ரியல்: யாருக்கு, ஏர்கோனுக்கா?

சந்தியாகு: இல்லப்பா… சும்மா கேட்டேன். ரிமோட்ட கொடு. இருபத்தஞ்சுலயா வைக்கிறீங்க? எல்லாரும் பதினாறுல வச்சுட்டு போர்வைய போத்திக்குவாங்க.

கேப்ரியல்: எனக்கு ரொம்ப குளிரும் ஆவாது, சூடும் ஆவாது. நான் முட்டை மாதிரி அங்கிள்.

மார்த்தா: அவனுக்கு வேர்க்காதுண்ணே. வேர்க்காட்டி சூடு உடம்புலயே நின்னுடும். டாக்டர் ஏர்கோன் கட்டாயம் வைக்கணும்னு சொல்லிட்டாரு. செனவாங் ஃபேக்டரியில ஓவர்டைம் செஞ்சு அகதாதான் வாங்குனா.

சந்தியாகு: அந்தப் பொண்ணா? அவ சம்பளத்திலயா? அப்பா என்ன செய்றாரு?

மார்த்தா: பேங்குல ஜாகா. காவல் வேல.

சந்தியாகு: குடிப்பாரா?

மார்த்தா: என்னண்ணே?

சந்தியாகு: தண்ணி… தண்ணி ஒழுகுச்சான்னு கேட்டேன். இங்க கீழ சுவத்துல கறை மாதிரி இருக்கே.

கேப்ரியல்: அது மைலோ. குடிக்கறப்ப நான் ஊத்துனது. எங்கப்பா பெருநாளுக்கு ஒரு பியர் குடிப்பாரு அங்கிள். அதுல பாதி அம்மா ஊத்திடுவாங்க.

மார்த்தா: டேய், வாய மூடு.

சந்தியாகு: ஹஹ்ஹா… நல்ல வீடு. சரி, வெளிய இருக்கற செட்டு ஓடுதா?

கேப்ரியல்: ஓடல. உள்ள காத்தாடியும் ஓடல. லைட்டு மட்டும் மின்னுது. அதனால கேஸ் கோளாறு இல்ல, சரியா அங்கிள்? கேஸ் போயிருந்தா காத்தாவது வரும்.

சந்தியாகு: எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்க. பின்ன என்னை எதுக்குக் கூப்பிட்ட?

கேப்ரியல்: ஏணி இல்லாமத்தான்.

மார்த்தா: அண்ணே, உங்க பேஜர் அடிக்குது.

சந்தியாகு: அடிக்கட்டும். தங்கச்சிதான். காலையிலேருந்து தொண தொணன்னு.

மார்த்தா: ஹால்ல போன் இருக்கு, பேசுங்களேன். அவசரமோ என்னமோ.

சந்தியாகு: அதெல்லாம் அவசரமில்ல! கடைக்குப் போயி பேசிக்கிறேன். இப்ப மூடியத் தொறக்கணும். தம்பி, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்க, தூசி விழும். ம்மா, இந்தத் துணிய அவன் மேல போடுங்க… நெத்தி சுடுதே இவனுக்கு!

மார்த்தா: காலையிலேருந்து ஈரத்துணி போட்டுக்கிட்டேதாண்ணே இருக்கேன். காத்தாடியும் வச்சிருக்கேன். ராத்திரி மழ பேஞ்சதால தாங்குது. இல்லாட்டி இந்நேரம் ஜுரம் ஏறியிருக்கும்.

சந்தியாகு: முன்ன அப்படி ஏறியிருக்கா?

மார்த்தா: ஒரு வாட்டி. கோலா கிளாவாங் பக்கம் இவன் சித்தப்பா வீடு. எஸ்டேட்டு லயத்து வரிச வீடு, தகரக் கூர. அங்க கொண்டுபோயி ஒரு நாள் படுக்க வச்சோம். சாயங்காலம் கண்ணு சொருகிடுச்சு. நேரா ஆஸ்பத்திரி.

சந்தியாகு: ஏர்கோன் ரூம்ப விட்டுட்டு அங்க எதுக்குக் கொண்டுபோனீங்க?

மார்த்தா: துணி காஞ்சுடுச்சு, நனச்சுட்டு வந்துடறேன்.

கேப்ரியல்: சொல்லும்மா.

மார்த்தா: அகதாவ பொண்ணு பாக்க வந்தாங்கண்ணே. அதுக்கு முன்ன ஒரு எடம் வந்துச்சு. இவனப் பாத்தாங்க. வச்ச கோப்பிய தொடாமலே எழுந்து போயிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரரு, அடுத்து வர்றவங்க கண்ணுல இவன் படக்கூடாதுன்னு…

கேப்ரியல்: ஒளிச்சு வச்சாங்க. அப்பவும் கல்யாணம் நடக்கல, ஏன்னா எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தோம். பொண்ணு பாக்க வந்தவங்க பூட்டுன வீட்டப் பாத்துட்டுப் போனாங்க.

சந்தியாகு: சிரிக்காத தம்பி.

கேப்ரியல்: அழுதா மூக்கு ஒழுகும் அங்கிள். படுத்துக்கிட்டே சிந்த முடியாது.

மார்த்தா: இப்ப மூணாவது எடம். கோலா பிலா ஊருக்காரங்க. வர்ற ஞாயித்துக்கிழம பாக்க வர்றாங்க. நல்ல பையன்னு எல்லாரும் சொல்றாங்க. அகதாவுக்கும் வயசு போகுது. இவரு இந்த வாட்டி தரகர் ராயப்பன்கிட்டயே, மூத்தவன் ஜொகூர்ல வேலைன்னு சொல்லி விட்டுட்டாரு.

சந்தியாகு: அப்ப ஞாயித்துக்கிழம இவன்…

மார்த்தா: மறுபடி கோலா கிளாவாங்தான். வேனுக்கு சொல்லி வச்சாச்சு.

சந்தியாகு: ஏம்மா, அறிவிருக்கா உங்களுக்கு? அந்தத் தகரக் கொட்டாயிலயா மறுபடியும்?

மார்த்தா: எனக்கு இருக்குதுண்ணே. சொன்னா கேக்கற எடத்துலதான் இல்ல. சபையில புருசன் ஒன்னு சொன்ன பெறகு, பொண்டாட்டி போயி மாப்பிள்ள வீட்டுல வேற சொன்னா… கல்யாணமும் போச்சு, குடும்பமும் போச்சு.

சந்தியாகு: ம்ம்… அந்த டார்ச்சக் கொடுங்க.

மார்த்தா: இந்தாங்க.

சந்தியாகு: அட, இது என்ன?

கேப்ரியல்: என்ன அங்கிள், கெடச்சுதா?

சந்தியாகு: இதப் பாரு. இந்த நுனியில குண்டுமணி மாதிரி ஒன்னு இருக்கே, அதுதான் சென்சர். ரூம்புல எவ்வளவு சூடுன்னு மெசினுக்குச் சொல்றது அதுதான். அதோட வயரு போர்டுல இருந்து கழண்டு கெடக்கு. சென்சர் சொல்லாட்டி மெசினுக்குக் கண்ணு தெரியாது. ஓடாம நின்னுக்கிட்டு மூணு வாட்டி மூணு வாட்டியா மின்னும்.

மார்த்தா: அப்ப பெரிய கோளாறு இல்லையே?

சந்தியாகு: கோளாறே இல்ல. பிளக்க சொருகினா முடிஞ்சுது. ஆனா… இது எப்படி கழண்டுச்சு?

கேப்ரியல்: பல்லி.

சந்தியாகு: பல்லியா?

கேப்ரியல்: பெரிய பல்லி அங்கிள்.

சந்தியாகு: எலின்னா வயர கடிக்கும். பல்லின்னா போர்டுல ஏறி செத்துக் கெடக்கும், எத்தனையோ எடுத்திருக்கேன். இந்த பிளக்குல பல்லு இருக்கு, பாத்தியா? ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிச்சு இழுத்தாதான் வரும். இழுத்த வயர மடிச்சு ஓரமா வேற வச்சிருக்கு. ரொம்ப நல்ல மாதிரி வளந்த பல்லிதான்.

மார்த்தா: மொதல்ல சொருகுங்கண்ணே. புள்ள சூட்டுல கெடக்கறான்.

சந்தியாகு: சொருகியாச்சு. ரிமோட்ட அமுக்கு தம்பி… ஆங். மின்னுதா?

கேப்ரியல்: நின்னுடுச்சு. பச்ச சும்மா எரியுது. காத்து வருது.

மார்த்தா: சேசுவே… வருது, வருது.

சந்தியாகு: அஞ்சு நிமிசத்துல குளிரும். அதுவரைக்கும் துணிய எடுக்காதீங்க.

மார்த்தா: இறங்குங்கண்ணே, கோப்பி கலக்கறேன்.

சந்தியாகு: இருங்கம்மா. கோப்பிக்கு முன்ன ஒரு விசயம் பேசணும். நீங்க இவ்வளவு சொன்ன பெறகு நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தா அது பாவம். கோலா பிலா பையன்… பிலவேந்திரன்… அவன் என் தங்கச்சி மகன். நான் தாய்மாமன்.

கேப்ரியல்: பாத்தியா, சொல்லிட்டாரு!

மார்த்தா: இருடா.

சந்தியாகு: காலையில கடைக்குப் போன் வந்துச்சு. அட்ரஸ்ஸு எழுதறப்பவே தெரிஞ்சுடுச்சு, பொண்ணு வீடுன்னு. தங்கச்சிகிட்டச் சொன்னேன். 'நல்லதா போச்சு, ஏர்கோன மட்டும் பாக்காத, வீட்டையும் நல்லா பாத்துட்டு வா'ன்னு சொன்னா. அதான் குடிப்பாரா, கோவம் வருமான்னு… எனக்கே வெக்கமா இருக்கும்மா. வீட்டு வேலைக்கு வந்த எடத்துல வேவு பாத்துட்டேன்.

மார்த்தா: பொண்ணு எடுக்கறவங்க விசாரிக்கறதுதானே. அதுல என்ன வெக்கம்.

சந்தியாகு: உங்களுக்குக் கோவம் இல்லையா?

மார்த்தா: தாய்மாமன் சிரம்பான்ல ஏர்கோன் கடை வச்சிருக்காருன்னு தரகரு பெருமையா சொன்னாருண்ணே.

சந்தியாகு: அப்ப… நான் யாருன்னு தெரிஞ்சேதான்…

மார்த்தா: தெரிஞ்சேதான். உங்க கண்ணுல இவன் படட்டும்னுதான். பிளக்கு தானா கழலல.

சந்தியாகு: இதுக்குப் போயி இந்தப் புள்ளைய சூட்டுல போட்டு… ஏதாவது ஆயிருந்தா?

கேப்ரியல்: மழ பேயட்டும்னு நாலு நாளு காத்திருந்தோம் அங்கிள். கழட்டுறதுக்கு முன்ன என்னைக் கேட்டாங்க. எந்த பிளக்குன்னு சொன்னதே நாந்தான். ஃபிட் பண்ண வந்தவரு வேல செஞ்சப்ப படுத்துக்கிட்டே பாத்தேன்ல.

சந்தியாகு: நீயும் கூட்டா!

மார்த்தா: கல்யாணம் பேசி முடிச்சா கோயில்ல மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பாங்க. 'தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லணும்'னு சாமியாரு கேப்பாரு. இவன் தடை இல்ல, எனக்குத் தெரியும். ஆனா பெத்த புள்ளைய ஒளிச்சு வச்சுட்டு, நான் அந்த பெஞ்சில எப்படிண்ணே உக்காருவேன்?

சந்தியாகு: நான் போயி பாத்தத பாத்தபடி சொல்லிடுவேன். என் தங்கச்சி என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாது. சும்மா ஆசை காட்ட மாட்டேன். ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் போவலாம்.

மார்த்தா: அது போதும். பாத்தபடி சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.

சந்தியாகு: என்ன சொன்னாலும் சரி, ஞாயித்துக்கிழம வேனு வேணாம். இவன இந்த ரூம்ப விட்டு அசைக்காதீங்க. உங்க வீட்டுக்காரரு கேட்டா, கடைக்காரரு சொல்லிட்டாருன்னு சொல்லுங்க.

மார்த்தா: சரிண்ணே.

சந்தியாகு: புருசனுக்குத் தெரியாம, இந்த வயசுல, ஸ்டூல் மேல ஏறி பிளக்க புடுங்கி, எனக்குப் போன் பண்ணி… பெரிய தைரியம்மா உங்களுக்கு. ஆனா ஒன்னு, போன்ல கேட்ட குரலு இவ்வளவு வயசான குரலா இல்லையே?

மார்த்தா: நான் ஸ்டூலத்தான் பிடிச்சுக்கிட்டேண்ணே. ஏறிப் புடுங்குனதும் அகதா, போன் பண்ணுனதும் அகதா. 'எங்கண்ணனப் பாத்துட்டு வேணாங்கறவங்க போவட்டும்மா, பாக்காம வேணுங்கறவங்க எனக்கு வேணாம்'னு சொல்லிட்டு வேலைக்கு பஸ் ஏறிட்டா.