சீட் மாறிய சண்டை

காலை பஸ். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைமேல் பனி இறங்கியிருந்தது. பஸ் மிதப்பதுபோல் போனது. முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். மகளை நர்ஸ் படிப்புக்கு வேலூர் அனுப்புவதா என்று பூந்தமல்லியிலிருந்தே சண்டை.

"யோவ், எழுந்து என் எடத்துல குந்து. இப்ப நான்தான் நீ, நீதான் நான். பேசு," என்றாள் அவள்.

"இன்னா மே கூத்து இது?" என்று சிரித்தபடியே மாறி உட்கார்ந்தான். பிறகு அவளைப்போலவே குரலை இழுத்தான். "புள்ளைக்கு ஆச கீது. அனுப்பிடுய்யா."

அவள் அவனாகப் பேசினாள். "அவ போனா ஊடே வெறிச்சுனு பூடும் மே. வேலைலேந்து வந்து யாராண்ட பேசுவேன்?"

"நான் எப்ப அப்டி சொன்னேன்? தொலவுன்னுதான சொன்னேன்," என்றான் தன் குரலிலேயே.

"நீ சொல்லல. அதான் நான் சொல்றேன்."

பஸ் ஏரியைத் தாண்டியது. அவன் மெதுவாகக் கேட்டான்.

"ஞாயித்துக்கெழம போனா, புள்ளைய பாக்க உடுவாங்களா?"