ஆணியில் தொங்கிய வளையம்

"பழைய ரிங்கை எடுத்துட்டியா?" என்று நைனா கேட்டார்.

"எடுத்துட்டேன் நைனா. ஆணியில மாட்டிக்கீறேன், பாரு."

அவர் திரும்பிப் பார்த்தார். வண்டிக் கொட்டகைக் கம்பத்து ஆணியில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று தொங்கியது. அவருக்கு அது போதும். புது வளையத்தை எண்ணெயில் தோய்த்து என்னிடம் நீட்டினார். ஐம்பத்தாறாம் வருஷம், மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.

என் தகப்பனார் தனகோடி, செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் வாடகைக் கார் ஓட்டினார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் பெரும்பாலும் சவாரி. எண்ணெய் மாற்றுவது, பில்டர் மாற்றுவது எல்லாம் வீட்டிலேயே. அவருக்கு இடுப்புவலி வந்த பிறகு வண்டிக்கு அடியில் நான்தான் படுப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், வீட்டில் சும்மா இருந்தவள். என் கையும் மெலிசு, எங்கேயும் நுழையும்.

எஞ்சின் ஓரத்தில் செம்பு அளவுக்கு ஓர் இரும்புக் கிண்ணம் இருக்கும். அதற்குள்தான் எண்ணெயை வடிகட்டும் பில்டர். கிண்ணத்தின் வாய் போய் உட்காரும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். பில்டர் மாற்றும்போதெல்லாம் பழைய வளையத்தைக் கோணி ஊசியால் கிளறி எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். பழையது எண்ணெயில் ஊறிப் பள்ளத்தோடு ஒட்டிக் கிடக்கும்; இருப்பதே தெரியாது. அதன் மேலேயே புதியதை வைத்து முடுக்கினால் வீட்டில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது ஒரு சொட்டு ஒழுகாது. சாலையில் ஓடிச் சூடேறிய பிறகுதான் பிதுங்கும். எண்ணெய் அத்தனையும் கொட்டி எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும்; வண்டி நகராது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராமதாஸ் என்கிற மெக்கானிக் அப்படி மாட்டிக் கொடுத்து, வண்டி பத்தாவது மைலில் நின்றது. அன்றைக்குத்தான் நைனா அந்த ஆணியை அடித்தார். பழையது ஆணியில் தொங்காமல் புதியது உள்ளே போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்த வெள்ளிக்கிழமை பழைய வளையம் பள்ளத்திலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டேன் என்று இதே நோட்டில் முன்பு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம். ஆணியில் தொங்கியது அதற்கு முந்தின தடவை கழற்றிய வளையம். பழைய சாமான் டப்பாவிலிருந்து எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, மூன்று நாளாகப் பாவாடை முடிச்சில் வைத்திருந்தேன்.

காரணம் வத்சலா. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த கஸ்தூரிரங்கன் பெண். எட்டாவதில் எனக்குப் பக்கத்தில் உட்காருவாள். நான் யாருக்கும் தெரியாமல் ஒரு நோட்டில் எழுதிவந்தேன். ஒருநாள் அதை என் பையிலிருந்து உருவி, பெஞ்சு மேல் ஏறி நின்று படித்தாள். கடலை நான் பார்த்ததில்லை, அது நைனாவின் சட்டையில் ஒட்டிக்கொண்டு தினமும் வீட்டுக்கு வருகிறது என்று எழுதியிருந்தேன்.

"கடல் சட்டையில ஒட்டிண்டு வருமாமேடி! அப்போ சோப்புப் போட்டுத் தோய்ச்சா கடல் கரைஞ்சு போயிடுமோ?"

நாற்பது பேர் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. நைனா கேட்டதற்குத் தலைவலி என்றேன். அந்தத் தலைவலியிலேயே இரண்டு வருஷம் போய்விட்டது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நைனா சந்தோஷமாக வந்தார். "ஞாயித்துக்கிழம குமாஸ்தா அய்யரு வூட்டு சவாரி. மகாபலிபுரம். அவரு பொண்ணு உங்கூடப் படிச்சுதாமே? நீயும் வா. முன்னால எம் பக்கத்துல குந்திக்கோ. கடலையும் பாத்தா மாதிரி ஆச்சு."

நான் தலையாட்டினேன். பதினெட்டு மைல் அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். கடலைப் பார்த்ததும் என்ன சொல்வாள் என்றும் தெரியும். உடம்பு சரியில்லை என்று நான் மட்டும் வீட்டில் இருந்திருக்கலாம். அது தோன்றாமல் இல்லை. ஆனால் திருக்கழுக்குன்றம் தாண்டிய வெயிலில், நிழலே இல்லாத இடத்தில், அவள் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் ஆசைப்பட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சின்னராசு என்பவர் சைக்கிளில் வந்தார். திருப்போரூர் சாலையில் ஆறாவது மைலில் அவர் ஊர். சட்டை போடவில்லை.

"அண்ணாத்த, வண்டி நல்லா கீதா? எம் பொஞ்சாதிக்கு ரெண்டு நாளா வலி. தலைச்சன். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. ஆஸ்பத்திரிக்கு எடுத்தாரணும்."

"நேத்துதாம்பா எண்ணெ மாத்துனேன். எம் பொண்ணு கைபட்ட வண்டி, குதிரையாட்டம் ஓடும். ஏறு," என்றார் நைனா.

சின்னராசு என்னிடம் தண்ணீர் கேட்டார். செம்பில் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். "நீயும் வேண்டிக்கோ தங்கச்சி," என்றார்.

அவர் குடித்து முடிக்கிற வரையிலும், நைனா ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி மூடுகிற வரையிலும் எனக்குச் சொல்ல நேரம் இருந்தது. கிண்ணத்தைக் கழற்றி மாட்டக் கால் மணி நேரம் ஆகும். நான் கூச்சக்காரி, அந்நியர் முன்னால் வாய் வராது, இது ஊருக்கே தெரியும். சொன்னால் நைனா ஏன் என்று கேட்பார். அதற்கு வத்சலாவைச் சொல்ல வேண்டும், பிறகு நோட்டைச் சொல்ல வேண்டும். அதனால் மனசுக்குள் கணக்குப் போட்டேன். போக ஆறு, வர ஆறு, மொத்தம் பன்னிரண்டு மைல். ராமதாஸ் மாட்டியது பத்து மைல் ஓடியது. நான் மாட்டியது இன்னும் இரண்டு மைல் ஓடாதா? நான் நன்றாக முடுக்குகிறவள்.

வண்டி போன பிறகு மண்ணில் எண்ணெய் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை. நிம்மதியாக முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போனேன்.

வண்டியில் எண்ணெய் குறைந்தால் காட்டும் முள் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதனால் நைனாவுக்கு எதுவும் தெரியவில்லை. சின்னராசுவின் மனைவியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, செங்கல்பட்டுக்கு இரண்டு மைல் இருக்கையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சாலையில் அன்றைக்கு வேறு வண்டி வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்த வைக்கோல் வண்டியில் அவளை ஏற்றினார்கள். அவள் பெயர் ஆராயி. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

மாலையில் மாடு பூட்டி எங்கள் வண்டியை இழுத்து வந்தார்கள். அம்மா அழுதாள். எனக்கு முதலில் வந்த நினைப்பையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு வத்சலா வரமாட்டாள் என்று நினைத்தேன்.

துக்கத்துக்குப் போன இடத்தில் நைனா எல்லோருக்கும் முன்னால் சின்னராசுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங் கை பண்ண தப்புப்பா. ரிங்கை நான் சரியாப் பாக்கல," என்றாராம். வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. ஊர் அவரைத்தான் பேசியது. ஸ்டேஷன் வாசலில் நின்றால் கூட்டம் விலகியது. நான் அவருக்கு மோர் கரைத்துக் கொடுத்தேன். முன்னைவிடப் பிரியமாகவே இருந்தேன்.

பதினேழாம் நாள் மத்தியானம் கொட்டகையில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. நான் உள்ளே உட்கார்ந்து, எடுக்க மறந்துவிட்டேன் என்ற அந்தப் பக்கத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நைனா வந்து நின்றார். இரண்டு வருஷமாக ஒளித்து வைத்த நோட்டை மறைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார்.

ஒன்றோடொன்று ஒட்டிப் பிதுங்கியிருந்த இரண்டு வளையங்களை நோட்டின் மேல் வைத்தார். பிறகு ஆணியிலிருந்து கழற்றி வந்த மூன்றாவதை அதன் பக்கத்தில் வைத்தார். மறந்திருந்தால் இரண்டுதான் இருக்கும். ஆணி காலியாக இருந்திருக்கும்.

மை காயாத எழுத்தில் எண்ணெய் பரவியது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் காலைத்தான் பார்த்தேன். அது திரும்பி வாசலைத் தாண்டிப் போனது.