காக்கத்துவாவின் சொண்டு

"அது கிளி இல்லை அக்கா. காக்கத்துவா."

படத்தைப் பார்த்தவுடன் எல்லோரும் கிளி என்றுதான் சொல்கிறார்கள். நீங்களும் சொன்னீர்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. வாளின் கைப்பிடி முடிகிற இடத்தில் ஒரு பறவையின் தலை, பின்னுக்கு எழும்பிய கொண்டை, முன்னுக்கு வளைந்த சொண்டு. பிலிப்பைன்ஸின் தெற்கே, சூலூத் தீவுகளில், மோரோ மக்கள் தங்கள் வாளுக்கு இப்படிப் பிடி செதுக்கினார்கள். இது நூறு வருடத்துக்கு மேல் பழையது. மொழிபெயர்க்கும்போது கிளி என்று சொல்லிவிடாதீர்கள், தில்லைநாயகி அக்கா. அந்தப் பொலிஸ் அதிகாரி ஒன்றையும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

என் பெயர் நித்தியானந்தன். 2010இல் சுவிசுக்கு வந்தேன். பதினொரு வருடமாக எஃப் அனுமதி. தற்காலிகமாக இருக்கவிடுகிறோம் என்பதுதான் அதன் பொருள், உங்களுக்குத் தெரியாததல்ல. வருடத்துக்கு ஒரு தடவை ஒரு கடதாசி வரும், இன்னொரு வருடம் இருக்கலாம் என்று. நாட்டுக்கு வெளியே காலடி வைக்க இன்னொரு கடதாசி கேட்க வேண்டும். நான் கேட்டபோது வரவில்லை. அம்மாவின் செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தேன். பக்கத்து அறைக்காரருக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன்.

சோலோதுர்ன் நகரில், முதலாளி ஹெர் ஷ்டூடரின் பட்டறையில் பழைய ஆயுதங்களைச் சீர்செய்கிறோம். முதலில் அங்கே நிலம் துடைத்தேன். பிறகு துரு எடுத்தேன். என் கை நடுங்காது என்பதை அவர் கண்டுகொண்டார். போன செப்டெம்பரில் இந்த வாளைத் தனியாக என்னிடம் தந்தார். ஒரு கீறல் இல்லாமல் முடித்து அறிக்கையில் கையெழுத்து வைத்தால் நிரந்தர வேலை. நிரந்தர வேலை இருந்தால் பி அனுமதிக்கு, அதாவது வதிவிட அனுமதிக்கு, விண்ணப்பிக்கலாம். இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இந்த வாள்களில் இரும்பு அலகின் வால் கைப்பிடிக்குள் இறங்கி நிற்கும். அதைப் பிடித்திருப்பது மரப்பிசின். மெல்லச் சூடு காட்டினால் இளகும், இழுத்து எடுக்கலாம். நான் ஒரு நிமிடம் கூடுதலாகக் காட்டிவிட்டேன். மரம் காய்ந்து, இழுக்கும்போது சொண்டு மூன்று துண்டாகத் தெறித்தது. எங்கள் தொழிலில் உடைவது குற்றமில்லை. துண்டுகளைப் பொறுக்கி வைத்து, உடைந்தது என்று எழுத வேண்டும். நான் துண்டுகளைக் குப்பையில் போட்டேன். பேரிக்காய் மரத்தில் புதிய சொண்டு செதுக்கி, சாயத் தேத்தண்ணியில் ஊறவைத்து, விளக்குக் கரி பூசி ஒட்டினேன். நல்லாகத்தான் வந்தது. ஹெர் ஷ்டூடர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்.

கைப்பிடியின் நார்ப்பின்னலைப் புதுப்பித்தவள் செசீலியா. மன்னார்க்காரி. சின்ன வயதில் வந்தவள், சுவிஸ் பாஸ்போட் இருக்கிறது. என்னை அந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நித்தி அண்ணை, உந்தச் சொண்டு பழசில்லை."

"ஆர் சொன்னது?"

"மூண்டு கிழமை உதின்ரை கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு பின்னினவள் நான். என்ரை தங்கச்சியின்ரை மூக்கைவிட உதின்ரை சொண்டு எனக்குப் பழக்கம். பெருவிரலாலை அமத்த ஆடுது."

நான் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

"உடைஞ்சதெண்டு எழுதிவிடுங்கோ. ஷ்டூடர் கொஞ்சம் கத்துவார், பிறகு கோப்பி போட்டுத் தருவார். ஒளிச்சாத்தான் கூடாது."

"உமக்கென்ன, நீர் பாஸ்போட் வைச்சிருக்கிறீர்."

"அதுக்காகக் கண்ணை மூடச் சொல்லுறீங்களோ? நான் வியாழன் தங்கச்சி வீட்டை போறன். வாற புதன் வருவன். அதுக்கிடையிலை நீங்கள் எழுதுங்கோ. எழுதாட்டி நான் எழுதுவன்."

ஒரு கிழமை தந்தாள். நியாயமான பெண். இதைப் பதிவு செய்யுங்கள்.

கட்டடத்துக்குக் கீழே பாதுகாப்பு அறை இருக்கிறது. குண்டு விழுந்தால் இறங்கி இருப்பதற்கு இந்த நாட்டில் எங்கும் கட்டிவைத்திருக்கிறார்களே, அதுதான். நாங்கள் பங்கர் என்போம். "அங்கை உயிருக்குப் பங்கருக்கை இருந்தம், இஞ்சை சம்பளத்துக்கு இருக்கிறம்" என்று செசீலியா பகிடி விடுவாள். நான்கு பக்கமும் கொங்கிரீற், கதவும் கொங்கிரீற். கைபேசி எடுக்காது. வெப்பமும் ஈரப்பதமும் மாறாது என்பதால் ஒட்டிய பொருள்களை அங்கேதான் காயவைப்போம். காயும்போது கதவில் ஒரு கடதாசி ஒட்டுவோம். எதுவரை திறக்கக்கூடாது என்று நாளும் நேரமும், கீழே கையெழுத்து.

புதன்கிழமை சொண்டைக் கழற்றி மீன்பசையால் மறுபடி ஒட்டி, வாளை அங்கே கொண்டுபோய் வைத்தேன். காற்று உள்ளே வந்தால் ஈரப்பதம் மாறும், அதனால் காற்றுக் குழாயின் வால்வை வெளிப்பக்கத்தில் இருந்து மூடினேன். கதவின் உட்பக்கப் பிடி இறுக்கமாக இருந்தது. எண்ணெய் போடுவதற்காக அதையும் கழற்றி எடுத்தேன்.

வியாழன் மத்தியானம் செசீலியா பயணப் பையோடு வந்தாள். போகுமுன் பின்னலை ஒருக்காப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன். சந்தோஷமாக இறங்கி வந்தாள். உள்ளே போய் விளக்கடியில் குனிந்தாள். பையையும் உள்ளே வைத்தேன், படிக்கட்டில் யாராவது தடக்கி விழக்கூடாது. பிறகு கதவைச் சாத்தினேன். பூட்டவில்லை. அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது, நெம்புபிடியைக் கீழே இறக்கினால் போதும். கடதாசியை ஒட்டினேன். காய்கிறது, திங்கள் காலை எட்டு மணி வரை திறக்க வேண்டாம், நித்தியானந்தன்.

மீன்பசை காய ஒரு நாள் போதும் என்று ஹெர் ஷ்டூடர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் பொதுவாகச் சொல்கிறார். இது ஒரு தடவை பிடிக்காமல் போன ஒட்டு.

வெள்ளிக்கிழமை அவரே கீழே வந்தார், ஒரு கேடயத்தை வைப்பதற்கு. கடதாசியை வாசித்தார், நேரத்தைப் பார்த்தார், கேடயத்தைத் திரும்ப மேலே தூக்கிக்கொண்டு போனார். அது அவருடைய பட்டறை, அவருடைய கதவு. பதினொரு வருடம் நான் மற்றவர்களுடைய கடதாசிகளை வாசித்து நடந்தவன். என் கையெழுத்தை வாசித்து ஒரு மனிதர் திரும்பிப் போனதை அன்றுதான் கண்டேன். மனதுக்கு எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். அமைதியாக இருந்தது.

பின்னேரம் எங்கேயோ தட்டுவது போல மெல்லிய சத்தம் கேட்டது. வெப்பக் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்றார் ஹெர் ஷ்டூடர். நான் மறுத்துப் பேசவில்லை. குழாய்க்காரருக்கு மின்னஞ்சல் போட்டார். செவ்வாய் வருவதாகப் பதில் வந்தது.

சனிக்கிழமை ரெனான் நகரில் இருந்து செசீலியாவின் தங்கை றோஷினி தொலைபேசி எடுத்தாள்.

"நித்தி அண்ணை, அக்கா இன்னும் வந்து சேரேல்லை. ஃபோனும் போகுதில்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

"வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு நான் அவவைக் காணேல்லை, தங்கச்சி."

"பொலிசிட்டைச் சொல்லவோ? எனக்குப் பயமாக் கிடக்கு."

"திங்கள் மட்டும் பொறுத்துப் பாருங்கோ."

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னாச் சரி."

இதில் ஒரு பொய் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். நான் யாருக்கும் பொய் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆரே ஆற்றங்கரையில் நடந்தேன். நல்ல வெயில். திரும்பிப் போய்த் திறக்கலாமே என்று தோன்றவில்லையா என்று அதிகாரி கேட்கிறார். தோன்றியது. ஆனால் திங்கள் எட்டு மணி என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். நானே அதை மீறினால் அந்தக் கடதாசிக்கு என்ன மதிப்பு?

திங்கள் எட்டு மணிக்குத் திறந்தேன், ஒரு நிமிடமும் முந்தவில்லை. செசீலியா கதவோடு சாய்ந்து இருந்தாள். உயிர் இல்லை. மருத்துவர் ஞாயிறு இறந்தாள் என்கிறாராம், எனக்குத் தெரியாது. நான்தான் அடைத்தேன், அவள் வெளியே வரக்கூடாது என்றுதான் அடைத்தேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

அவள் கையில் வாள் இருந்தது. அலகைத் தன் சால்வையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியால் கதவில் தட்டியிருக்கிறாள். எத்தனை மணி நேரம் என்று தெரியவில்லை, கதவில் கைமுட்டி அளவுக்குப் பூச்சு உதிர்ந்திருந்தது. கைப்பிடியைச் சுற்றியிருந்த வெள்ளி வளையங்கள் நசிந்துவிட்டன. அவளுடைய பின்னல் அவிழ்ந்து தொங்கியது. கொண்டை, அது பழைய மரம், துண்டு துண்டாகக் கிடந்தது. நான் முழங்காலில் இருந்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, வாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சொண்டைப் பெருவிரலால் அமத்தினேன். ஆடவில்லை.

"அக்கா, ஷ்டூடரின்ரை அறிக்கை இன்னும் முடியேல்லை எண்டு சொன்னவை. சொண்டு உடைஞ்சது, புதுசு செய்தது நான், இவ்வளவுக்கும் பிறகும் அந்த ஒட்டு விடேல்லை. இதை என்ரை பேரோடை அதிலை எழுதச் சொல்லி ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."