பிடி அரிசி

அறுபதுகளில் ஒரு நாள், கிள்ளான் ரயிலில் எனக்கு எதிரே ஓர் அண்ணனும் தங்கையும். முப்பதை ஒட்டிய வயது. இலைப் பொட்டலத்தைப் பிரித்து, பாதிக்கு மேல் சோற்றைத் தங்கை பக்கம் தள்ளினார் அண்ணன். தங்கை தொடவில்லை.

"அண்ணே, ஜப்பான் சண்டைக் காலத்துல அம்மா உலை வைக்கிறப்பல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்துப் பானையில ஒளிச்சு வச்சாங்களே, அத பச்சையா மென்னு தீர்த்தது நான்தான்."

அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"நீதான்னு அப்பாகிட்ட கோள் சொன்னதும் நான்தான். எவ்வளவு அடி வாங்கினே!"

"தெரியும்."

"தெரியுமா? பிறகு ஏன் சொல்லல?"

"உன் வாயெல்லாம் வெள்ளையா மாவு ஒட்டியிருந்துச்சு புள்ள. அப்பா வர்றதுக்குள்ள துடைச்சுவிட்டதே நான்தானே. சாப்பிடு, கோலாலம்பூர் வந்துரும்."

தங்கை முந்தானையால் மெதுவாக வாயைத் துடைத்துக்கொண்டார். இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.